பேட் பிடிக்கிற கை

கைக்கட்டுத் துணி நாலரை மீட்டர் நீளம். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, உள்ளங்கையைக் குறுக்கே தாண்டி, ஒவ்வொரு விரல் இடுக்காக நுழைத்து இழுத்து வர வேண்டும். கட்டிக்கொள்ளும் பிள்ளை விரல்களை நன்றாக விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். விரித்த கையில் கட்டினால்தான் மடக்கும்போது துணி இறுகி எலும்புகளை அணைத்துப் பிடிக்கும். போன மாதம் ஒரு காலையில், திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் தோப்பில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு இப்படிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண் என் வலது கையிலேயே இருந்தது.

"மாஸ்டர், உங்க சுண்டுவிரல் முட்டியக் காணோமே, எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை, உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. 1993-ல் ஒரு தடவை, 1996-ல் மறு தடவை, அதே எலும்பு உடைந்தது. குத்து எதிராளியின் நெற்றியிலோ முழங்கையிலோ ஓரமாகப் பட்டால் சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்புதான் முதலில் போகும். இரண்டாவது தடவை அது கோணலாகவே கூடிவிட்டது. 1997-ல் ரிங்கை விட்டு இறங்கினேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. 54 கிலோ, பான்டம் வெயிட். பட்டாளத்துக்குள் சாம்பியன் என்று கோப்பை வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றிரண்டு படி ஏறி அங்கேயே நின்றவன். ஆனாலும் முப்பது வருடமாக ஒரு காரியத்தை விடாமல் கவனித்து வருகிறேன். பெரிய சாம்பியன்கள் ரிங்கை விட்டு இறங்கிய பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது, அவர்களுடைய வித்தை எங்கே போய்ச் சேர்கிறது என்பது அது.

எங்கள் பக்கம் சண்டை சொல்லிக்கொடுப்பவருக்கு ஆசான் என்று பெயர். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் அவரை வாத்தியார் என்பார்கள். எனக்கு முதலில் வாய்த்தவர் ஆசான்தான். ஒன்பது வயதில் சிலம்பத்துக்குப் போனேன். ஆறு மாதம் அவர் கம்பைக் கையில் தரவே இல்லை. தாமிரபரணி மணலில் கோடு கிழித்து வெறும் காலடி மட்டும். "கம்பு பொறவு வரும்லே, மொதல்ல காலு வரட்டும்" என்பார். ஈர மணலில் தடம் பதியும். பயிற்சி முடிந்ததும் அந்தத் தடத்தைப் பார்த்தே எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லிவிடுவார்.

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை நடந்தது. பேப்பரில் வந்த படத்தை டீக்கடையில் கேட்டு வாங்கி ஆசானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஊரே அந்தக் கையையும் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் காலைப் பார்த்தார். "குதிங்கால் தரையில இல்ல, கவனிச்சியா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் புத்தி குத்துச்சண்டைப் பக்கம் திரும்பியது.

1987-ல் பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போனேன். புதிதாய்ச் சேர்ந்த பையன்களை ஒருத்தனுக்கொருத்தன் மோதவிட்டுப் பார்க்கும் நோவிஸ் பாக்ஸிங் என்று ஒன்று பட்டாளத்தில் உண்டு. அதில் ஜெயித்தவனைப் பிடித்து அணியில் போட்டுவிடுவார்கள். அங்கே எனக்குச் சிக்கலாக வந்தது ஆசான் கொடுத்த கால்தான். சிலம்பத்தில் ஒரு காலைத் தாண்டி மறு காலை வைத்துச் சுழல்வோம். குத்துச்சண்டையில் கால் குறுக்கே போகவே கூடாது; போன அந்தக் கணத்தில் ஒரு குத்து விழுந்தால் ஆள் உட்கார்ந்துவிடுவான். எங்கள் ஹவில்தார் என் இரண்டு கணுக்காலையும் ஒன்றரை அடிக் கயிற்றால் பிணைத்துவிட்டு ரிங்கைச் சுற்றச் சொன்னார். நீலகிரிக் குளிரில் மூன்று வாரம் அப்படிச் சுற்றினேன். கயிற்றை அவிழ்த்த பிறகும் கால் அந்த ஒன்றரை அடியை மறக்கவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் நிற்கும்போது அதே அகலத்தில்தான் நிற்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு என் எடையில் ஒரு நாயகன் உண்டு. வி. தேவராஜன். தமிழ்நாட்டுக்காரர், என்னைப் போலவே பான்டம் வெயிட். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். நான் அவரோடு மோதியதில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று பாரக்கில் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பையன்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. வடக்கே ஹரியானா, பஞ்சாப், மணிப்பூர் என்று பெயர் சொல்லிப் பழகிய இந்த வித்தையில், தமிழ் பேசுகிற ஒருத்தர் உலக மேடையில் ஏறி நின்றிருந்தார்.

அந்தக் காலத்து ஆட்டத்தை இன்றைக்கு உள்ள பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டுமென்றால் மெஷினிலிருந்து தொடங்க வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பையன் ஜெயித்த சண்டையை நடுவர்கள் எதிராளிக்குக் கொடுத்தார்கள். உலகமே சிரித்தது. அதற்குப் பரிகாரமாகக் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான். குத்து விழுந்த ஒரு விநாடிக்குள் மூன்று பேராவது அமுக்கினால்தான் ஒரு பாயின்ட். இதனால் குத்துச்சண்டையின் உருவமே மாறிப்போனது. விலாவில் விழுகிற குத்து என்னதான் பலமாக இருந்தாலும் மூன்று பேர் கண்ணில் ஒரே நேரம் படாது. ஆகவே முகத்துக்கு நேராக, நீளமாக, வெளிச்சமாகத் தெரிகிற மாதிரி குத்தப் பழகினோம். குத்திவிட்டு உடனே விலக வேண்டும். நெருங்கி நின்று நாலு குத்து அடுக்கினால் ஒன்றுதான் கணக்கில் ஏறும். மீதி மூன்றும் வியர்வைக்குச் சமானம்.

பத்து வருடம் அதைத்தான் உடம்பில் ஏற்றினேன். ஆனால் 2013-ல் பொத்தான் போய், ரவுண்டுக்குப் பத்து பாயின்ட் கொடுக்கிற கணக்கு வந்தது. வளர்ந்த ஆண்கள் சண்டையிலிருந்து தலைக்கவசத்தையும் அந்த வருடமே எடுத்தார்கள். இப்போது உடம்பில் விழுகிற குத்துக்கு மதிப்பு உண்டு. ரவுண்டை ஆளுகிறவன் யார் என்று பார்க்கிறார்கள். நான் கற்றதில் பாதி ஒரே வருடத்தில் பழசாகிவிட்டது. நாற்பத்து நாலு வயதில், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக, விலாக் குத்தைப் புதிதாகப் பழகினேன். ஒரு சாம்பியன் தன் ஆட்டத்தை அப்படியே மூட்டை கட்டி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட முடியாது. காலும் கண்ணும் செல்லும். மீதியை ஒவ்வொரு தலைமுறையும் தானே சம்பாதிக்க வேண்டும்.

தேவராஜன் பாங்காக்கில் வென்ற அதே 1994-ல், எங்கள் ஆற்றங்கரைக்காரர் ஒருவர் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடி அணியோடு தங்கம் வென்றார். மணத்தி கணேசன். இரண்டு பேருக்கும் 1995-க்கான அர்ஜுனா விருது கிடைத்தது. இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. தாமிரபரணி கடலில் சேர்வதற்கு முன்னால் நனைக்கிற அந்தக் கிராமங்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கபடிக்கு ஒரு களமும் ஒரு கோடும் போதும். அண்ணன் பாடிப் போகிறதைத் தம்பி வேலியில் உட்கார்ந்து பார்க்கிறான். மறுநாள் அவனே இறங்குகிறான். கணேசன் பெயரை அங்கே சின்னப் பையனும் சொல்வான். 2025-ல் அவர் கதையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படம் வந்த பிறகு நாடே சொல்கிறது. தேவராஜன் பெயரை இங்கே என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் அதிகம். அதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். குத்துச்சண்டை வேலியில் உட்கார்ந்து பார்த்து வருகிற வித்தை இல்லை. எதிரே ஒருத்தர் பேட் பிடித்து நிற்க வேண்டும்.

பேட் என்பது உள்ளங்கையில் மாட்டுகிற தோல் மெத்தை. பார்க்கிறவர்களுக்கு, குத்துகிறவன்தான் வேலை செய்கிற மாதிரி தெரியும். பிடிக்கிறவன் கையைச் சும்மா நீட்டிக்கொண்டு நின்றால் குத்து காற்றில் விழுந்த மாதிரி போய்விடும், பிள்ளையின் முழங்கை வெட்டி இழுக்கும். குத்து வந்து சேருகிற அந்தக் கடைசி அங்குலத்தில் பேட் எதிரே போய் அதை வாங்க வேண்டும். மிஞ்சிப் போனால் பிள்ளையின் மணிக்கட்டு மடங்கும். சரியாக வாங்கினால் 'டப்' என்று கட்டையில் அடித்த சத்தம் வரும். முட்டி சாய்ந்து விழுந்தால் 'தப்' என்று ஈரச் சாக்கில் அடித்த சத்தம். கண்ணை மூடிக்கொண்டே யார் மணிக்கட்டு மடங்குகிறது என்று சொல்லலாம். பிள்ளை குத்திவிட்டுக் கையைத் தாடைக்குத் திரும்பக் கொண்டுவராமல் தொங்கவிட்டால், அதே பேட்டால் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. திட்ட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று ரவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் என் தோள் ஏன் வலிக்கிறது என்று தெரியும். அமுங்கிப்போன முட்டிக்கு மட்டும் பேட்டுக்குள் ஒரு குறையும் தெரிவதில்லை.

சாம்பியன்கள் விட்டுப்போனது எங்கெல்லாம் முளைத்திருக்கிறது என்று பார்த்தால், அங்கெல்லாம் யாரோ ஒருவர் இறங்கி வந்து எதிரே நின்றிருக்கிறார். ஹவா சிங் 1966-லும் 1970-லும் ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற ராணுவ வீரர். இரண்டுமே பாங்காக்கில்தான். ஓய்வுக்குப் பிறகு பிவானியில் பையன்களைப் பழக்கினார். 2000-ஆம் வருடம், துரோணாச்சாரியார் விருது கைக்கு வருவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது இறந்துபோனார். எட்டு வருடம் கழித்து அதே பிவானியிலிருந்து விஜேந்தர் சிங் போய் ஒலிம்பிக் வெண்கலம் கொண்டுவந்தார். டிங்கோ சிங் 1998-ல், அதுவும் பாங்காக்கில், அதுவும் எங்கள் 54 கிலோவில், ஆசியத் தங்கம் வென்றார். அதைப் பார்த்துத்தான் மணிப்பூரில் மேரி கோம் என்ற பிள்ளை குத்துச்சண்டைக்கு வந்தது. ஆறு உலகப் பட்டமும் 2012 ஒலிம்பிக் வெண்கலமும் அந்த ஒரு தங்கத்தின் பிள்ளைகள்.

ஆனால் டிங்கோவின் உடம்பை யார் பார்த்துக்கொண்டார்கள்? கல்லீரல் புற்றுநோய் வந்து, வைத்தியத்துக்கு வீட்டை விற்று, 2021 ஜூனில் நாற்பத்து இரண்டு வயதில் போய்விட்டார். 1982 டெல்லி ஆசியாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற கவுர் சிங், 1980-ல் டெல்லியில் அலியோடேயே காட்சிச் சண்டை போட்டவர். பட்டாளத்தை விட்டு வந்ததும் பஞ்சாபில் விவசாயம் பார்த்தார். இதய சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டி வந்தது. 2023-ல் காலமானார். இவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடித்துவிடுகிறது. பதக்கம் வாங்கிய வாரத்தில் மாலை போட வருகிறவர்கள், இருபது வருடம் கழித்து அந்த மனுசனுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் ஒரு மைதானத்தையும் பத்துப் பிள்ளைகளையும் கொடுத்தால் போதும். பெரும்பாலானவர்களுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கிறது, அது பெரிய காரியம். அந்த வேலை அவர்களை ஏதோ ஒரு ஊருக்கு மாற்றி, ஏதோ ஒரு மேசையில் உட்கார வைத்துவிடுகிறது. கை சும்மா இருக்கிறது.

வேலை என்றதும் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும்.

2004-ல் பென்ஷனில் ஊர் வந்தேன். ஒரு வங்கியில் காவல் வேலை. மறு வருடம் தோப்பில் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். முதலில் தேறிவந்தவன் டவுன் பக்கத்துப் பையன், 57 கிலோ, இடது கைக்காரன். அவனுடைய ஜாப் மாதிரி நேர்க் குத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பாம்பு நாக்கு மாதிரி போய்விட்டு வரும். 2011-ல் மாநில அளவில் ஒரு போட்டிக்கு வேற்று மாவட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நட்புச் சண்டையில் அவன் தலையில் வாங்கி விழுந்திருந்தான். தலையில் வாங்கி நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங் ஏறக் கூடாது; மூன்று மாதத்துக்குள் மறுபடியும் ஆனால் 90 நாள் என்பது விதி. நட்புச் சண்டை என்பதால் அது அவனுடைய போட்டிப் பதிவுப் புத்தகத்தில் ஏறவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே வெண்கலம் உண்டு. கால் இறுதியை ஜெயித்தால் பதக்கம். பதக்கம் இருந்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி. அவனுடைய அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவள். அந்தக் கால் இறுதியில் இரண்டாவது ரவுண்டில் அவனுக்கு இரண்டு தடவை எட்டு வரை எண்ணினார்கள். இரண்டாவது எண்ணிக்கை முடிந்து ரெஃப்ரி முகத்தைப் பார்த்தபோது அவன் கண் நிலைகொள்ளவில்லை. என் தோளில் துண்டு கிடந்தது. மூலையில் நிற்கிறவனுக்கு இருக்கிற பெரிய அதிகாரமே அந்தத் துண்டுதான். தூக்கிப் போட்டால் சண்டை முடிந்தது. பாயின்டில் அவன் முன்னால் இருந்தான். இன்னும் நாற்பது விநாடி தாங்கினால் போதும், அடுத்த ரவுண்டில் விலகி விலகி ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். துண்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். இருபது விநாடியில் அவன் விழுந்தான். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். உள்ளே குலுங்குவதைத் தடுக்காது.

அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் அவன் மூன்று தடவை "மாஸ்டர், சண்டை எப்ப?" என்று கேட்டான்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். தலைவலி ஒரு வருடம் இருந்தது. இருபது வயதில் அவனை நிறுத்தச் சொன்னேன். அவன் அழவில்லை, அவனுடைய அம்மாவும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எய்யா, நீங்கதான அவனப் பாத்துக்கிட்டீங்க" என்றாள். அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை. நானே என் கை கோணலான பிறகு ஒரு வருடம் மறைத்து மறைத்துக் குத்தியவன். யாராவது என் தோளில் கை வைத்து இறங்கு என்று சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தவன். அப்படி இருந்தும் அவனுக்கு நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தோப்பில் தலையில் வாங்கியதும் அதில் ஏறும். 30 நாள் என்றால் 30 நாள்தான், கலெக்டர் வந்து சொன்னாலும்.

கூட்டம் சினிமாவைப் பொறுத்து வரும், போகும். 2016-ல் 'இறுதிச்சுற்று' வந்தபோது முதன்முதலாகப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். அதற்காக அந்தப் படத்துக்கு நான் கடமைப்பட்டவன். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்து ஒரே வாரத்தில் நாற்பது பையன்கள் வந்து நின்றார்கள். ஒரு மாதம் காலடியும் கயிறும் மட்டும் கொடுத்தேன். ஆறு பேர் மிஞ்சினார்கள். ஆறு பேர் நல்ல எண்ணிக்கை.

2023 டிசம்பர் 17, 18-ல் ஆறு பெருகி வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவதை வருடா வருடம் பார்த்திருக்கிறோம்; அந்தத் தடவை வெள்ளம் ஜங்ஷன் வரைக்கும் ஏறி வந்தது. தோப்பில் மருத மரத்துக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்த பை போய்விட்டது. பதினெட்டு வருடம் அடி வாங்கிய பை. வடிந்த பிறகு தேடிப் போனால், நாணலுக்குள் சேறு குடித்து, எருமைக் கன்று கிடக்கிற மாதிரி கிடந்தது. மூன்று பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

புதுப் பைக்கு கேன்வாஸ் உறை தைக்கக் கொடுத்தேன். உள்ளே என்ன நிரப்புவது? தெரியாதவர்கள் மணலைக் கொட்டுவார்கள். ஒரே மாதத்தில் மணல் கீழே இறங்கிக் கல்லாகும். அடியில் குத்துகிற பிள்ளையின் மணிக்கட்டு போய்விடும். பழந்துணிதான் நல்லது, அதையும் பட்டன், ஜிப் எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து இறுக்க வேண்டும். முப்பது கிலோ துணிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. பின்னால் நாலு சாக்கு. அந்த 57 கிலோ பையன். இப்போது முப்பதைத் தாண்டியவன், டவுனில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறான். நாலு சாக்கிலும் வெட்டு மிச்சத் துணி.

இரண்டு பேரும் உட்கார்ந்து மத்தியானம் வரை இடித்தோம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான். ரிங்கைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

முட்டியைக் காணோம் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கட்டி முடித்து, க்ளவுஸ் மாட்டி, பேட்டைக் கையில் எடுத்தேன். தோள் தூக்க முடியவில்லை. அவன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். பேட்டை அவனிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு மாட்டிக்கொண்டான்.

முதல் குத்து 'தப்' என்று விழுந்தது. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"சும்மா நீட்டாதலே. எதிர்ல போய் வாங்கு."

நான் திரும்பிப் பையின் சங்கிலியை ஒரு கண்ணி மேலே ஏற்றத் தொடங்கினேன். பின்னால் இரண்டு மூன்று 'தப்' கேட்டது. அவன் அவளிடம் என்னவோ மெதுவாகச் சொன்னான், இடது காலைப் பற்றி. பிறகு 'டப்'. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று, 'டப்'. சங்கிலியை மாட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குத் துணியை எடுத்தேன்.